தோட்டத்துப் பிள்ளைகளும் பாய்மரப் படகுப் பந்தயமும்: சொந்தப் படகு இல்லாமல் முடியுமா?

லுக்குட் அம்மா
சனி, இரவு 9.40

வணக்கம். இந்தப் பகுதியில் இதைக் கேட்கலாமா என்று தெரியவில்லை. இடம் தப்பென்றால் நிர்வாகி நகர்த்திவிடட்டும்.

என் மகளுக்கு 11 வயது. பள்ளி விடுமுறையில் தோழியின் குடும்பத்தோடு போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனவள், அங்கே பிள்ளைகளுக்கு நடந்த பாய்மரப் படகு வகுப்பில் ஒரு நாள் சேர்ந்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. நாங்கள் இருப்பது செம்பனைத் தோட்டத்து வீடு. அவள் அப்பா ஆலைக்குக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். மாமியார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "பொம்பளைப் பிள்ளையக் கடலுக்கு அனுப்புவீங்களா?"

நம்மவர்கள் யாராவது இதில் இருக்கிறீர்களா? பந்தயம் வரைக்கும் போனால் படகு வாங்கித் தர வேண்டுமா? ஆபத்து எவ்வளவு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


செம்பனைக் கணக்கு
சனி, இரவு 10.15

அக்கா, பிள்ளை ஆசையைக் கெடுக்கச் சொல்லவில்லை. ஆனால் இது பணக்காரர் விளையாட்டு. படகுக்குப் பணம், பாய்க்குப் பணம், கிளப்புக்கு மாதச் சந்தா. பூப்பந்து மட்டை ஒன்று வாங்கிக் கொடுத்தால் தோட்டத்து மண்டபத்திலேயே ஆடிவிடலாம். பிறகு ஏங்க வைக்காதீர்கள்.


சிலியாவ்காரன்
சனி, இரவு 11.50

தங்கச்சி, நான் ஒருவன் இருக்கிறேன். வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது, முழங்கால் தகராறு செய்கிறது, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காற்று இருந்தால் படகில்தான் இருப்பேன். சிலியாவ் பக்கத்துப் பால்மரத் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா, அம்மா இரண்டு பேருமே பால் வெட்டு. நான் எண்ணெய் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றேன். இத்தனை காலமும் பந்தயத்தில் ஓடியிருக்கிறேன். ஒரு படகுக்கும் சொந்தக்காரனாக இருந்ததில்லை. அதனால் செம்பனைக் கணக்கு சொல்வதில் பாதிதான் சரி. படகு பணக்காரருடையது. ஆனால் அவர் ஒருவராக அதை ஓட்ட முடியாது.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். 1970களின் தொடக்கம். எங்கள் தோட்டத்துச் சின்னத் துரையிடம் எண்டர்பிரைஸ் என்ற டிங்கி, அதாவது சின்னப் பாய்மரப் படகு, ஒன்று இருந்தது. ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் 1956இல் வடிவமைத்தது, நீளம் 4 மீட்டர், நீல நிறப் பாய். இரண்டு பேர் இல்லாமல் ஓடாது. பின்னால் இருப்பவர் கையில் சுக்கானும் பெரிய பாயும். முன்னால் இருப்பவர் சின்னப் பாயை இழுக்க வேண்டும், நடுப்பலகையை ஏற்றி இறக்க வேண்டும், உடம்பை வெளியே சாய்த்துப் படகை நிமிர்த்த வேண்டும். துரையோடு ஓடிக்கொண்டிருந்தவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. நான் அப்போது பள்ளி முடிந்ததும் தோட்ட ஆபீசில் எடுபிடி வேலைக்கு நிற்பேன். எலும்பும் தோலுமாக இருந்தேன். மெல்லிய காற்றில் எடை குறைந்த ஆள்தான் வேண்டும் என்று என்னைப் பிடித்துப் போட்டார். நீச்சல் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தோட்டத்து ஆற்றில் தெரியும் என்றேன்.

போர்ட்டிக்சன் காற்றுக்கு ஒரு குணம் உண்டு. காலையில் நிலத்திலிருந்து கடல் பக்கம் லேசாக வீசும். பத்து, பதினொரு மணிக்கு அது செத்துவிடும். தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும், வெயில் மண்டையைப் பிளக்கும். நிலம் நன்றாகச் சூடேறிய பிறகு, மதியம் தாண்டி, கடலிலிருந்து காற்று ஏறி வரும். பால் வெட்டு விடிவதற்கு முன்னே தொடங்கி மதியத்தோடு முடிகிற வேலை. எங்கள் வீட்டில் வேலை ஓய்கிற நேரத்தில்தான் அங்கே காற்று பிறக்கும். அந்த ஏற்பாடு எனக்கு வசதியாகப் போய்விட்டது.

மகள் எந்த வகைப் படகில் உட்கார்ந்தாள் என்று கேட்டுச் சொல்லுங்கள். பெட்டி மாதிரி, மூக்கு வெட்டின படகா?


லுக்குட் அம்மா
ஞாயிறு, காலை 7.05

ஆமாம் அண்ணே, குளிக்கிற தொட்டி மாதிரி இருந்தது என்றாள்! பெயர் 'ஒப்பி' என்கிறாள்.


தெலுக் இந்தான் தம்பி
ஞாயிறு, காலை 8.30

ஆப்டிமிஸ்ட், அக்கா. 1947இல் அமெரிக்காவில் கிளார்க் மில்ஸ் என்பவர் பிள்ளைகளுக்காகவே வரைந்தது. நீளம் 2.3 மீட்டர், கூடு, அதாவது படகின் வெறும் உடல், 35 கிலோ. 15 வயது வரைக்கும்தான் அதில் போட்டி. நானும் அதில் தொடங்கி, லேசர் என்ற ஒற்றை ஆள் படகுக்குப் போனவன். இப்போது லேசரை இல்கா என்று சொல்ல வேண்டுமாம், 2019இல் பெயர் மாறியது. கடற்கரையில் இன்னும் லேசர்தான்.

என் கருத்து, ஆப்டிமிஸ்டில் ரொம்ப நாள் வைத்திருக்காதீர்கள். எனக்குத் தெரிந்த பாதிப் பிள்ளைகள் அதிலேயே சலித்துப்போய் விட்டுவிட்டார்கள். காலை முதல் மாலை வரை அதே மூன்று குறி மிதவைகளைச் சுற்றிச் சுற்றி, கரையில் அப்பா அம்மாவின் முறைப்பு வேறு. உடம்பு கொஞ்சம் தேறியதும் சின்னப் பாய் போட்ட லேசரில் ஏற்றிவிட வேண்டும். லேசரில் அதுதான் வசதி. கூடு ஒன்றுதான், பாய் மட்டும் மூன்று அளவு: 4.7, 5.7, 7 சதுர மீட்டர். எடைக்குத் தகுந்ததைப் போட்டுக்கொள்ளலாம்.


செம்பனைக் கணக்கு
ஞாயிறு, காலை 9.10

சிலியாவ் அண்ணே, மரியாதையாகவே கேட்கிறேன். நீங்கள் சொன்ன கதையில் எனக்கு ஒன்று உறுத்துகிறது. சின்னத் துரை பின்னால் உட்கார்ந்து சுக்கான் பிடிக்கிறார். பால் வெட்டுக்காரர் மகன் முன்னால் கயிறு இழுக்கிறான். இது தோட்டத்தில் ஏற்கெனவே நடந்ததுதானே? கடலில் வேறு எதற்கு?


சிலியாவ்காரன்
ஞாயிறு, மதியம் 1.20

நல்ல கேள்வி தம்பி. அப்போது என் அப்பாவும் இதையேதான் கேட்டார், இன்னும் கொஞ்சம் காரமாக.

ஒளிக்காமல் சொல்கிறேன், முதல் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தது. அவர் சொல்வார், நான் இழுப்பேன். ஆனால் பந்தயத்தில் ஒரு சங்கதி இருக்கிறது. பின்னால் இருப்பவர் பாயின் ஓரத்தில் ஆடும் கம்பளி நூலைப் பார்த்தே ஓட்ட வேண்டும், தலையைத் தூக்க நேரம் கிடையாது. காற்று எங்கே இருக்கிறது, தண்ணீர் எங்கே கறுக்கிறது, எதிராளி எந்தப் பக்கம் போகிறார் என்று முன்னால் இருப்பவன்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னது இரண்டு தடவை சரியாக வந்ததும், மூன்றாம் தடவை அவரே கேட்க ஆரம்பித்தார். தோட்டத்தில் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அது பெரிதா சிறிதா, நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அந்தத் துரைக்குத் தெரியாத ஒரு காற்றை எங்கள் அப்பா அறிந்திருந்தார். ஏப்ரல் முதல் நவம்பர் வரைக்கும், விடிவதற்கு முன்னாலோ காலையிலோ, சுமத்ரா பக்கமிருந்து கறுப்பாக ஒரு வரிசை மேகம் வரும். கடல்காரர்கள் அதைச் 'சுமத்ராஸ்' என்றே சொல்வார்கள். ஐந்தே நிமிடத்தில் காற்று பல மடங்காகும், 40 நாட் (மணிக்குச் சுமார் 74 கிலோமீட்டர்) தாண்டுவதும் உண்டு. கூடவே இடி, மின்னல், கண் தெரியாத மழை. பால் வெட்டுக்காரருக்கு இது உயிர்ப் பிரச்சினை. மரம் நனைந்தால் வெட்ட முடியாது, வெட்டிய பாலும் மங்கில், அதாவது பால் கோப்பையில், மழைத்தண்ணீர் விழுந்து கெட்டுவிடும், அன்றைய கூலி போச்சு. அதனால் அப்பா நாலரை மணிக்கே வாசலில் நின்று மேற்கே பார்ப்பார். காற்று சட்டென்று நின்று, உடம்பில் குளிர் தட்டினால், "இன்னிக்கு வேல இல்ல" என்று உள்ளே வந்துவிடுவார். காலைப் பந்தயம் இருக்கும் நாளில் நான் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். துரை பாரோமீட்டரைத் தட்டிப் பார்ப்பார். எங்கள் அப்பா தப்பியதே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் பாரோமீட்டரை விட மேல்.

லுக்குட் தங்கச்சிக்கு: ஆபத்து இருக்கும் நேரம் இதுதான். அப்படி வானம் இருந்தால் பிள்ளைகளைக் கடலில் இறக்கவே மாட்டார்கள். இறக்கினால் அந்த இடத்துக்கு மகளை அனுப்பாதீர்கள்.


கிள்ளான் இரவுக் காவல்
ஞாயிறு, மாலை 6.45

பேச்சு டிங்கியிலேயே நிற்கிறது. கீல்போட் என்ற பெரிய படகு பற்றியும் சொல்லுங்கள் அண்ணே. நான் கிள்ளான் துறைமுகப் பக்கம், நண்பர் ஒருவர் இழுத்துப்போய் பெரிய படகில் கிரைண்டர் (பாய்க்கயிற்றை இழுக்கும் கைப்பிடி) சுற்ற விட்டதில் ஆரம்பித்தது. டிங்கி ஓட்டியதே இல்லை. 'டிங்கி தெரியாதவனுக்குக் காற்று தெரியாது' என்று என்னை இன்னும் கேலி செய்கிறார்கள்.


சிலியாவ்காரன்
ஞாயிறு, இரவு 10.30

கேலி செய்பவர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள். டிங்கியில் தப்பு செய்தால் அந்த நொடியே கவிழ்ந்து, தலைக்கு மேல் தண்ணீர். கீல்போட்டில் அடியில் டன் கணக்கில் ஈயமோ இரும்போ தொங்குகிறது. சாய்ந்தாலும் திரும்பி எழும். அதனால் தப்பு நடந்தது பத்து நிமிடம் கழித்து, மற்ற படகுகள் முன்னால் போன பிறகுதான் தெரியும். டிங்கி காற்றைக் கற்றுக் கொடுக்கும், கீல்போட் மனுசரைக் கற்றுக் கொடுக்கும் என்பது என் எண்ணம்.

ஜே 24 என்றொரு படகு, 7.3 மீட்டர், 1,400 கிலோ. ராட் ஜான்ஸ்டோன் என்பவர் அமெரிக்காவில் தன் வீட்டு கராஜில் முதல் படகைக் கட்டினார், 1970களின் நடுவில். பிறகு உலகம் முழுக்கப் பரவிவிட்டது. வழக்கமாக ஐந்து பேர் ஓட்டுவார்கள். ஐந்து பேரும் ஒரு சாப்பாட்டு மேசை அளவு இடத்தில் கயிறும் காலுமாக இருக்க வேண்டும். ஒருவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் படகு மெதுவாகிவிடும், இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் முன்முனையில் நிற்கும் பௌமேன். ஸ்பின்னேக்கர் என்ற பலூன் பாயை ஏற்றுவது, கம்பத்தை மாற்றுவது, பாய் தண்ணீரில் விழாமல் இறக்குவது. முழங்கால் போன பிறகு நடுவில் கயிறுகளைக் கவனிக்கும் பிட் வேலைக்கு மாறிவிட்டேன்.

இளசுகளுக்கு ஒரு விஷயம். மெல்லிய காற்றில் எல்லாரையும் படகின் தாழ்ந்த பக்கம் உட்கார வைப்பார்கள். தண்டனை என்று நினைக்காதீர்கள். படகைக் கொஞ்சம் சாய்த்தால் பாய் தன் எடையாலேயே வளைந்து வடிவம் பிடிக்கும், ஈரமாகும் அடிப்பரப்பும் குறையும். அங்கே ஒரு மணி நேரம் அசையாமல், இருமாமல் இருப்பதுதான் கஷ்டம். நம் கடலில் பாதிப் பந்தயம் இப்படித்தான். ஐரோப்பாக்காரர்கள் வந்தால் முதல் இரண்டு நாள் பொறுமை இழந்து துள்ளுவார்கள்.

ராஜா மூடா பந்தயம் உங்களுக்குத் தெரியும். 1990இல் தொடங்கியது, நவம்பர் மாதம், கிள்ளானிலிருந்து பங்கோர், பினாங்கு, லங்காவி என்று கட்டம் கட்டமாகப் போகும், இரவிலும் ஓட வேண்டும். கிள்ளான் பக்கம் பெரிய அலையேற்ற நாளில் தண்ணீர் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அத்தனை தண்ணீரும் ஓட்டமாக ஓடும். ஒரு வருடம் நடு ராத்திரி காற்று நின்றுவிட்டது. எல்லாப் படகிலும் பாய் தொங்குகிறது. தூரத்துக் கரை விளக்கை இரண்டு கம்பிக்கு நடுவில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் ஆள் மெதுவாகச் சொன்னார்: "நாம் பின்னால் போகிறோம்." நங்கூரத்தைச் சத்தமில்லாமல் இறக்கினோம். சங்கிலி கடகடவென்றால் மற்ற படகுக்குத் தெரிந்துவிடும், அதனால் கயிறு கட்டிய சின்ன நங்கூரம், கையால் இஞ்ச் இஞ்சாக. பந்தயத்தில் நங்கூரம் போடலாம், விதி 45 அனுமதிக்கிறது, கிளம்பும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் பச்சை சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எங்களைக் கடந்து பின்பக்கம் மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நின்ற இடத்தில் நின்று நாலைந்து படகை முந்தினோம். ஒருவர் பிளாஸ்கில் காப்பி ஊற்றினார், சிரிப்பை அடக்க முடியாமல் அவர் பாதியைச் சிந்தினார்.

மீன்பிடி வலைகள்தான் இரவில் பெரிய தொல்லை. விளக்கு இருந்தால் பிழைத்தோம், இல்லாவிட்டால் கீலில் மாட்டிக்கொள்ளும். தள்ளிவிடப் பார்ப்போம், பின்னோக்கிப் போய்க் கழற்றப் பார்ப்போம். வலை மீனவருடைய சோறு, வெட்டக் கையெடுப்பது கடைசியில்தான்.


கிள்ளான் இரவுக் காவல்
திங்கள், காலை 6.20

நங்கூரக் கதை நூற்றுக்கு நூறு. நான் இருந்த படகு அந்த மாதிரி பின்னால் மிதந்த படகுகளில் ஒன்றாகக் கூட இருக்கலாம், எந்த வருடம் என்று சொல்லாமல் விட்டதற்கு நன்றி.

கீல்போட்டில் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று ஐஆர்சி. படகுகள் வேறு வேறு அளவு என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தருவார்கள், ஓடிய நேரத்தை அதால் பெருக்கித்தான் வரிசை. கோட்டை முதலில் கடந்தவர் ஆறாவதாக இருப்பார், இருட்டிய பிறகு வந்த சின்னப் படகு கோப்பையைத் தூக்கும். கூட வரும் உறவுக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.


தெலுக் இந்தான் தம்பி
திங்கள், மதியம் 12.50

பெரியவர்கள் இருக்கும்போதே ஒரு நியாயம் கேட்டுவிடுகிறேன். போன மாதம் ஒரு பந்தயம், லேசர். எந்த ஊர் என்று வேண்டாம். காற்று வரும் பக்கத்தில் இருக்கும் மேல்காற்றுக் குறிக்கு நான் போர்ட் டேக்கில், அதாவது காற்று இடப்பக்கத்தில் இருக்க, வருகிறேன். இன்னொருவர் ஸ்டார்போர்டில், காற்று வலப்பக்கத்தில் இருக்க, நேராகக் குறிக்கு வருகிறார். குறிக்கு இரண்டு படகு நீளம் இருக்கும்போது அவருக்கு முன்னால், கீழ்ப்பக்கமாக டேக் அடித்து, அதாவது படகின் மூக்கைக் காற்றைத் தாண்டித் திருப்பி, நுழைந்தேன். இடிக்கவே இல்லை, ஒரு கை அகலம் இடைவெளி இருந்தது. அவர் 'புரோட்டஸ்ட்' (ஆட்சேபம்) என்று கத்தினார். கரையில் விசாரணை வைத்து என்னைத் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். இடிக்காததற்கு எப்படித் தண்டனை?


சிலியாவ்காரன்
திங்கள், மாலை 5.40

தம்பி, இடித்தாயா என்பது அங்கே கேள்வியே இல்லை. விதி 18.3ஐ எடுத்துப் படி. குறியைச் சுற்றி மூன்று படகு நீளம் ஸோன். இடப்பக்கம் விட்டுச் சுற்றும் குறி என்றால், அந்த ஸோனுக்குள் நீ போர்ட்டிலிருந்து ஸ்டார்போர்டுக்கு மாறி, அப்படியே குறியைத் தாண்டும் கோட்டில் வந்தால், உள்ளே நுழைந்ததிலிருந்து ஸ்டார்போர்டிலேயே இருப்பவரை, மோதலைத் தவிர்க்க குளோஸ்ஹால்டுக்கு (காற்றை எதிர்த்து ஓடக்கூடிய எல்லைக் கோணத்துக்கு) மேலே திரும்பும்படி வைக்கக் கூடாது. ஒரு கை அகலம் எப்படி மிஞ்சியது? அவர் காற்றுக்கு மேலே திரும்பியதால் மிஞ்சியதா? அதைத்தான் கேட்டிருப்பார்கள்.


தெலுக் இந்தான் தம்பி
திங்கள், மாலை 6.15

அவர் தேவையில்லாமல் திரும்பினார். பேசாமல் நேராகப் போயிருந்தாலும் இடித்திருக்காது. அதற்குச் சாட்சி இல்லை, அதுதான் என் கஷ்டம்.


கிள்ளான் இரவுக் காவல்
திங்கள், இரவு 8.05

நான் விசாரணைக் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். மேசை மேல் பொம்மைப் படகுகளை வைத்து இரண்டு பேரையும் நகர்த்திக் காட்டச் சொல்வோம். இரண்டு பேரும் பொய் சொல்ல மாட்டார்கள், ஆனால் இரண்டு வேறு கடலில் ஓடியிருப்பார்கள்! சாட்சி இல்லாமல் அந்த இடத்தில் டேக் அடித்தால் பத்துக்கு எட்டு உங்களுக்கு எதிராகத்தான் போகும். அங்கேயே தண்டனையாக இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் போயிருந்தால் ஏழெட்டு இடம் இழந்திருப்பீர்கள், பந்தயம் மிஞ்சியிருக்கும்.


தெலுக் இந்தான் தம்பி
திங்கள், இரவு 8.30

தப்பே செய்யாதபோது எதற்குச் சுற்ற வேண்டும்? இதில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.


சிலியாவ்காரன்
திங்கள், இரவு 9.15

ஒத்துக்கொள்ளாதே, பரவாயில்லை. அடுத்த தடவை ஐந்து படகு நீளம் முன்னாலேயே டேக் அடி, வழக்கு எழாது.

செம்பனைக் கணக்கு தம்பி கவனிக்க ஒன்று. சாதாரணக் கூட்டப் பந்தயத்தில் தண்ணீரில் ரெஃப்ரி கிடையாது. விசில் ஊத ஆள் இல்லை. விதியை மீறியவர் தானே இரண்டு சுற்று சுற்றி தண்டனை ஏற்க வேண்டும், இல்லையென்றால் எதிராளி வழக்குப் போட வேண்டும். பெரிய கம்பெனி முதலாளி ஒருவர், என்னை மாதிரி ஆலை ஃபிட்டர் கத்தியதற்காக, ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு வாங்கிய புதுப் பாயோடு வட்டம் சுற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். கரைக்கு வந்து கைகொடுத்துவிட்டுப் போனார். சுற்றாமல் போனவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு ஆள் கிடைப்பது வரவரக் கஷ்டமாகிவிடும்.

விதிப் புத்தகத்தின் முதல் விதியே ஆபத்தில் இருப்பவருக்கு உதவ வேண்டும் என்பதுதான். ஒரு தடவை மதியப் பந்தயத்தில் காற்று திடீரென்று ஏறி, எங்களுக்கு முன்னால் ஒரு டிங்கியின் பாய்மரம் முறிந்துவிட்டது. அந்தப் பையன் கயிற்றில் கால் சிக்கிக் கிடந்தான். முன்னிலையில் இருந்த படகு திரும்பி வந்து, மீட்புப் படகு வரும்வரை அவனைப் பிடித்துக்கொண்டு நின்றது. கடைசியாக முடித்தார்கள். அவர்களுக்கு மற்றப் பந்தயங்களின் சராசரிப் புள்ளியைக் கொடுத்தார்கள், 'ரிட்ரெஸ்' என்று பெயர். உதவி செய்தவன் தோற்கக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.


வடசென்னை வாசகர்
செவ்வாய், காலை 10.00

சென்னையிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். லுக்குட் அம்மாவின் மாமியாருக்கு ஒரு தகவல். இந்தியாவிலிருந்து ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் பெண் நேத்ரா குமணன், சென்னைப் பெண். டோக்கியோவிலும் பாரிஸிலும் ஓடினார். டோக்கியோவில் அதே லேசர் ரேடியல் பிரிவில் உங்கள் மலேசியாவின் நூர் ஷாஸ்ரின் இருந்தார். வேலூர்க்காரர் விஷ்ணு சரவணன், சென்னையின் கணபதி, வருண் தக்கர் எல்லாம் அதே ஒலிம்பிக்தான். இங்கே துறைமுகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911இல் தொடங்கியது. அதில் ஒரு காலத்தில் நம்மவர்கள் உள்ளே போவதே கஷ்டமாக இருந்திருக்கும். இப்போது காசிமேட்டுப் பக்கத்துப் பிள்ளைகளும் ஆப்டிமிஸ்ட் ஓட்டினால் நன்றாக இருக்கும் என்பது என் ஆசை.


செம்பனைக் கணக்கு
செவ்வாய், மதியம் 1.35

எல்லாரும் நன்றாகவே சொல்கிறீர்கள். ஆனாலும் ஒலிம்பிக் போனவர்கள் யாரும் லோரி ஓட்டுபவர் வீட்டிலிருந்து போகவில்லை. சிலியாவ் அண்ணன் வாழ்நாள் முழுக்க ஓடியிருக்கிறார், சரி. கடைசி வரைக்கும் மற்றவர் படகில், மற்றவர் பெயரில்தானே கோப்பை? சண்டைக்குக் கேட்கவில்லை, அண்ணே. உங்களுக்கு அது உறுத்தவில்லையா?


சிலியாவ்காரன்
செவ்வாய், இரவு 11.10

உறுத்தியிருக்கிறது. பரிசளிப்பு மேடையில் படகின் பெயரும் சொந்தக்காரர் பெயரும்தான் கூப்பிடுவார்கள். எங்களை 'குரூ' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். வீட்டுச் சுவரில் என் பெயர் பொறித்த கோப்பை ஒன்றுகூட இல்லை. பேரன் கேட்டான், "தாத்தா நீங்க ஜெயிச்சதே இல்லையா?" என்று. போட்டோ காட்ட வேண்டியதாயிற்று, அதிலும் பாய் என் முகத்தை மறைத்துவிட்டது.

இடையில் ஒரு வாய்ப்பு வந்தது. பழைய லேசர் ஒன்று, கூட்டில் விரிசல், மலிவாகத் தருவதாகச் சொன்னார்கள். அந்த வருடம் மகள் படிவம் ஆறு. டியூஷன் காசா படகா என்றால் யோசிக்க என்ன இருக்கிறது. வாங்கவில்லை. வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைப்பதுமில்லை. விரிசல் விழுந்த படகு எந்த ஃபிட்டரையும் சும்மா விடாது, வாரக் கடைசி முழுக்க ஒட்டிக்கொண்டே இருந்திருப்பேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், தம்பி. சொந்தக்காரர்கள் மாறினார்கள். வியாபாரம் சரியில்லை என்று விற்றார்கள், வேறு நாட்டுக்குப் போனார்கள், சலித்துப் போனார்கள். ஒவ்வொரு தடவையும் படகோடு சேர்த்து என் போன் நம்பரையும் கைமாற்றிவிட்டுப் போனார்கள். முன்முனை வேலை தெரிந்தவன் கிடைப்பது அவ்வளவு அரிது. சந்தா நான் கட்டியதில்லை. கையுறையும் சாப்பாடும்தான் என் செலவு, சாப்பாடும் பாதி நாள் அவர்கள்தான்.

லுக்குட் தங்கச்சியின் மகள் விஷயத்தில் உங்கள் வாதம் நிற்காது. ஆப்டிமிஸ்டில் இடம் ஒன்றுதான். துரையும் இல்லை, குரூவும் இல்லை. அந்தப் பிள்ளை முதல் நாளே சுக்கானைப் பிடித்துவிட்டாள். எனக்கு அது கைக்கு வர எத்தனையோ வருடம் ஆனது, அதுவும் சொந்தக்காரர் கீழே தூங்கப் போன இரவுகளில்.


செம்பனைக் கணக்கு
புதன், காலை 7.15

இந்தக் கடைசி விஷயம் எனக்குத் தோன்றவில்லை. சரி. ஆனால் சந்தா விஷயத்தை அக்கா முதலிலேயே விசாரித்துவிட வேண்டும், அதில் நான் மாற மாட்டேன்.


லுக்குட் அம்மா
புதன், இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. அவள் அப்பாவிடம் முழு இழையையும் வாசித்துக் காட்டினேன். நங்கூரக் கதையை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். மாமியாரிடம் சென்னைப் பெண் படத்தைக் காட்டினோம், "கறுத்துப் போயிருக்காளே" என்று மட்டும் சொன்னார். வேண்டாம் என்று சொல்லவில்லை!

வகுப்பில் விசாரித்தேன். படகு அவர்களுடையது, வாடகை வகுப்புக் கட்டணத்தோடு சேர்த்தி. இந்த சனி போகிறோம். எதையெல்லாம் கொண்டு போக வேண்டும்? நான் கரையில் இருந்து எதைக் கவனிக்க வேண்டும்?


தெலுக் இந்தான் தம்பி
புதன், இரவு 10.05

நீளக்கை சட்டை, கயிறு கட்டிய தொப்பி, சன் கிரீம், இரண்டு போத்தல் தண்ணீர். கண்ணாடி போடுபவள் என்றால் பின்னால் நாடா. முதல் வகுப்புகளில் வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து நிமிர்த்தச் சொல்லுவார்கள், பார்த்துப் பயந்து ஓடி வராதீர்கள். அது முக்கியமான பாடம். மரணப் பயம் அதோடு போய்விடும்.


சிலியாவ்காரன்
புதன், இரவு 10.40

கரையில் நீங்கள் பார்க்க வேண்டியவை. உயிர்காப்புச் சட்டை உடம்போடு இறுக்கமாக இருக்கிறதா? தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள், காது வரைக்கும் ஏறினால் பெரிய சைஸ், மாற்றச் சொல்லுங்கள். அதில் விசில் கட்டியிருக்க வேண்டும். படகுக்குள் மூன்று காற்றுப் பைகள் இருக்கும், மூன்றும் உப்பியிருக்கிறதா என்று அமுக்கிப் பாருங்கள். தண்ணீர் இறைக்கும் வாளி கயிற்றில் கட்டியிருக்கிறதா பாருங்கள். மீட்புப் படகு தண்ணீரில் இறங்கிய பிறகுதான் பிள்ளைகள் இறங்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள், நல்ல பயிற்சியாளர் கோபப்பட மாட்டார்.

வடிந்த நேரத்தில் கடற்கரையில் கல்லும் சிப்பியும் காலைக் கிழிக்கும். மூடின சப்பாத்து கட்டாயம், செருப்பு வேண்டாம்.


லுக்குட் அம்மா
புதன், இரவு 10.55

அவள் அண்ணனுடைய பழைய வெள்ளைப் பள்ளிச் சப்பாத்து கிடக்கிறது, கறுப்புக்கு மாற்றிய பிறகு யாரும் தொடவில்லை. ஒரு சைஸ் பெரிது. போதுமா அண்ணே?


சிலியாவ்காரன்
புதன், இரவு 11.00

போதும். இரண்டு காலுறை போட்டு நாடாவை இரட்டை முடிச்சாகப் போடுங்கள். சனிக்கிழமை நானும் அந்தப் பக்கம்தான், மதியம் இரண்டு மணிக்கு மேல்.